12 வண்ணமும் 24 வண்ணமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பேரப்பிள்ளைகள், பரிசு, மனவருத்தம். ஒருவர் கொடுத்த பொருள்களின் பட்டியலையே நாலு பக்கத்துக்கு இணைத்திருந்தார். நான் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். கணக்கும் தெரியும், இந்த விஷயத்தில் அது எப்படியெல்லாம் காலை வாரிவிடும் என்பதும் தெரியும். ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 66. மகன் குடும்பம் எங்களோடு இருக்கிறது. அவனுக்கு ஒரு பெண், ஒரு பையன். மகள் வெகுதூரத்தில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே பையன். மூன்று பேருக்கும் பிறந்தநாளுக்கு ஒரே தொகையில்தான் பரிசு வாங்குகிறேன், நோட்டுப் போட்டு எழுதியும் வைக்கிறேன். துளி கூடுதல் குறைச்சல் கிடையாது. போன வாரம் போனில் மகள், "நீ அவங்களுக்குத்தாம்மா பாட்டி. என் பிள்ளைக்கு நீ பார்சல் அனுப்புற ஆள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். நோட்டை எடுத்துக் காட்டிவிடலாமா என்று இருக்கிறது. நான் செய்த தப்பு என்ன?

பதில்: நோட்டைக் காட்டாதீர்கள், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காட்டினால் சண்டை பெரிதாகும். அதோடு, உங்கள் நோட்டில் பாதிக் கணக்குதான் இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். கூட இருக்கும் இரண்டு பேருக்கும் சும்மா வாங்கித் தந்ததை எல்லாம் எழுதுங்கள். பென்சிலைத் தொலைத்துவிட்டான் என்று வாங்கியது, செருப்பு வார் அறுந்ததால் புதிதாக எடுத்தது, கடைப்பக்கம் போனபோது கண்ணில் பட்ட ஹேர்கிளிப், பள்ளிப் பைக்கு ஜிப் மாற்றியது. இதெல்லாம் பரிசில் சேர்த்தியா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எழுதிப் பார்த்தபோது 23 வரி வந்தது. அதே மாதத்தில் தூரத்தில் இருக்கும் என் பேரனுக்கு எழுத ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அவனுக்கு அந்த மாதம் பிறந்தநாள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அது நோட்டுக்குள் வரவே வராது. தூரத்தில் இருக்கும் அந்தப் பேரனுக்கு ஒரு பிறந்தநாளுக்கு நீலநிற முழுக்கைச் சட்டை அனுப்பினேன். கடைசியாகப் பார்த்தபோது இருந்த அளவை மனதில் வைத்து எடுத்தது. பார்சல் ஒன்பது நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் போட்டோ வந்தது. பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். என்ன அடக்கம், என்ன பணிவு என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முழுக்கைச் சட்டைதானே அனுப்பினே? கை எங்கே முடியுது பாரு" என்றார். பின்னால் மடங்கும் இடத்தில் பார்த்தால் சட்டைக் கை மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. பாட்டி வருத்தப்படக் கூடாது என்று கையைப் பின்னால் வைக்கச் சொன்னது என் மகள். அதே வாரம் வீட்டில் இருக்கும் பேத்திக்கு எடுத்த கவுன் அச்சில் வார்த்தமாதிரி பொருந்தியது. பொருந்தாமல் என்ன, காலையில்தான் அவளை நிற்க வைத்து நானே அளவெடுத்தேன். இரண்டும் ஒரே விலை. நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரியாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள் சொன்ன "பார்சல் அனுப்புற ஆள்" என்பது இதுதான். கூட இருக்கிற இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும்; அவள் பிள்ளையைத் தெரியாது. அவளிடம் விளக்கம் சொல்லாமல், "நீ சொன்னது சரிதான், எனக்கு அவனைப் பற்றி ஒண்ணும் தெரியலை, இனி அவன்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. தாய் மகளிடம் "நீ சொன்னது சரி" என்று சொல்வது லேசான காரியமா?

பிறகு நிஜமாகவே அவனிடம் கேட்க வேண்டும். "நல்லா இருக்கியா, நல்லா படிக்கிறியா" என்றால் "ம்" என்று இரண்டு தடவை பதில் வரும், போன் கை மாறிவிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இப்போ உன் மேஜை மேல என்னென்ன கிடக்கு, சொல்லு" என்று கேட்டேன். ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறானாம். கடைசித் திருகாணி மட்டும் கழலவில்லையாம், வீட்டில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதற்குப் பெரிதாம். என் வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியிலிருந்து ஆகச் சின்னதாக ஒன்றை எடுத்து, அட்டையில் சுற்றி அனுப்பினோம். அதற்கு மட்டும் அவன் தானாகவே போன் செய்தான், 20 நிமிடம் பேசினான். அந்த ஸ்க்ரூடிரைவருக்கு நோட்டில் எழுத விலையே கிடையாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். தூரத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்வதை நிறுத்திவிடாதீர்கள். அது குழந்தைகளின் நியாயம். நிஜமாகத்தான் சொல்கிறேன். 2012இல் அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 6 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம், "இரண்டு பையன்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள், பரிசாகக் கொடுக்க 5 அழிரப்பர் இருக்கிறது" என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு கொடுத்தாகிவிட்டது, மீதி ஒன்றை ஒருவனுக்குக் கொடுக்கலாமா, குப்பையில் போடலாமா என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்கள். நல்ல அழிரப்பர்! அந்தத் தீர்ப்பைக் குழந்தைகள் சொல்லலாம், 66 வயதில் நாம் சொல்லக் கூடாது. ஒருவன் அதிக வேலை செய்தான் என்று சொன்னபோது, மீதி ஒன்றை அவனுக்கே கொடுக்க அதே வயதுக் குழந்தைகள் சம்மதித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காரணம் காதில் விழுந்தால் அவர்களுக்குப் புரிகிறது.

அடுத்தது, வருடத்துக்கு ஒரு தடவை விடுமுறைக்கு வரும் பேரன் மேல் மொத்தமாகக் கொட்டுவது. நான் கொட்டியிருக்கிறேன். மூன்றாம் நாள் வீட்டுப் பேத்தி வந்து, "நாங்க தினமும் இங்கேயே இருக்கிறதாலதான் எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். 23 வரியும் அவர்களுக்கு வந்ததுதான். அவளுக்கு அது பரிசு என்று தெரியாது, பாவம்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 74. மூன்று பிள்ளைகள், பெரியவனுக்கு மூன்று, அடுத்தவளுக்கு இரண்டு, சின்னவனுக்கு ஒன்று என ஆறு பேரப்பிள்ளைகள், 2 வயது முதல் 19 வயது வரை. ஒவ்வொருவருக்கும் 18 வயது முடியும்போது ஒரே தொகை தருவதாகத் திட்டம். மூத்தவனுக்குப் போன வருடம் கொடுத்தாயிற்று. சின்ன மருமகள், "எங்களுக்கு ஒரே குழந்தை, அப்போ எங்க குடும்பத்துக்குப் பங்கு குறையுதே மாமா" என்கிறாள். இரண்டாவது சந்தேகம்: சின்னச் சின்ன பரிசுகளில் வயதுக்கு ஏற்றபடி பெரியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர், நான் கணக்கு டீச்சர். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். ஒரே தொகை என்பது உங்கள் திட்டத்தில் சமம் இல்லை. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வருடத்தில் எல்லாமே இரண்டு மடங்காகிவிடும். மூத்தவன் வாங்கியதற்கும் கடைக்குட்டி வாங்கப் போவதற்கும் நடுவே 17 வருடம். மூத்தவன் 100க்கு வாங்கியது அப்போது கிட்டத்தட்ட 270க்கு விற்கும். நீங்கள் அதே 100ஐ நீட்டினால், அண்ணன் வாங்கியதில் பாதிகூட அந்தக் குழந்தைக்குக் கிடைக்காது.

முடியுமானால் மீதி ஐந்து பேருக்கும் இப்போதே, ஒரே நாளில், ஒரே தொகையை அவரவர் பெயரில் வட்டிக்குப் போட்டுவிடுங்கள். 18 வயதில் அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். எண்ணிக்கையில் வேறு வேறு தொகை வரும், வாங்கும் சக்தியில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். உங்களுக்கும் பாட்டியம்மாவுக்கும் மருத்துவத்துக்கென்று வைத்திருப்பதைத் தொட்டுவிடாதீர்கள். அவ்வளவு முடியாது என்றால் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம், மூத்தவனிடம் "உனக்கு முதலில் கிடைத்ததால் கூடுதலாகக் கிடைத்தது" என்று சொல்லிவிடலாம். 19 வயதுப் பையனுக்குப் புரியும். 74 வயதில் அடுத்த 16 வருடத்துக்கு வாயால் வாக்குக் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் நூறு வயது இருங்கள், ஆனாலும் எழுதி வையுங்கள். மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே பேச்சில் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் மூன்று கதையாகிவிடும்.

மருமகள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொத்துப் பிரிக்கும் சட்டங்களிலேயே இரண்டு வழி உண்டு: தலைக்கு ஒரு பங்கு, அல்லது கிளைக்கு ஒரு பங்கு. சொத்து உங்கள் பிள்ளைகளுக்குப் போவது. அதைக் கிளைக்கு ஒன்றாக, மூன்று சமபங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். பரிசு பேரப்பிள்ளைகளின் கைக்குப் போவது. அது தலைக்கு ஒன்று. நாலு வயதுக் குழந்தையிடம் போய் "நீ மூணு பேர் இருக்கிற கிளை, அதனால உனக்கு மூணில் ஒரு பாகம்" என்று சொல்ல முடியுமா? இதை மருமகளிடம் நீங்களே பொறுமையாகச் சொல்லுங்கள். பெரியவர்களின் மனக்குறையைப் பெரியவர்களோடு பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சந்தேகத்துக்கு என் கையில் சூடுபட்ட கதை ஒன்று உண்டு. இரண்டு பேத்திகளுக்கு வண்ணப் பெட்டி வாங்கினேன். பெரியவளுக்கு 10 வயது, அவளுக்கு 24 வண்ணம். சின்னவளுக்கு 8 வயது, அவளுக்கு 12 வண்ணம். அக்காவுக்குப் பெரிது, தங்கைக்குச் சின்னது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சின்னவள் அழவில்லை. இரண்டு பெட்டியையும் திறந்து வைத்து விரல்விட்டு எண்ணினாள். பிறகு என்னிடம் வந்து, "பாட்டி, அவளுக்கு 10 வயசு, எனக்கு 8. நான் அவளில் பாதியா?" என்றாள். 31 வருடம் விகிதம் பாடம் நடத்தியவள் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

8 வயது அதற்கே உரிய வயது. 2008இல் எர்ன்ஸ்ட் ஃபேர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய குழுவினரும் 3 முதல் 8 வயதுக் குழந்தைகள் பங்கு போடுவதைக் கவனித்து வெளியிட்டார்கள். 3, 4 வயதில் பெரும்பாலும் தன் பங்குதான் கண்ணுக்குத் தெரிகிறது. 7, 8 வயதில் பெரும்பாலானவர்கள் சமமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். உங்கள் 2 வயதுக் கடைக்குட்டிக்கு நீங்கள் பெட்டியைக் கொடுத்தாலும் ஒன்றுதான், பெட்டி வந்த அட்டையைக் கொடுத்தாலும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் வயதுக்காரர்களிடம்தான் ஜாக்கிரதை. ஒரே ரகப் பொருளை அளவு மாற்றித் தராதீர்கள், எண்ணிவிடுவார்கள். ஒருத்திக்கு வண்ணப் பெட்டி, ஒருத்திக்கு ஸ்கிப்பிங் கயிறு என்று ரகத்தையே மாற்றிவிட்டால் எண்ண முடியாது. என் தந்திரத்தை இங்கே எழுதிவிட்டேன், என் பேத்திகள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: இது எனக்கு இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தில் பிறந்த மகனுக்கு 9 வயது, இப்போதைய கணவரின் மகனுக்கு 3 வயது. மாமியார் நல்லவர்தான். வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஏதாவது வாங்கி வருகிறார். ஆனால் சின்னவனுக்கு வரும் பெட்டியில் "என் செல்லப் பேரனுக்கு" என்று எழுதிய அட்டை இருக்கும். பெரியவனுக்கு வருவது வெறும் பையில் இருக்கும். போன வாரம் பெரியவனின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது, உள்ளே தம்பியின் அந்த அட்டை பத்திரமாக மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அவனிடம் கேட்கவும் மனம் வரவில்லை, மாமியாரிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம். உங்கள் கணவர் பேசட்டும். அவர் அம்மா, அவர் வீடு, அவர் பொறுப்பு. நீங்கள் சொன்னால் "மருமகள் குறை சொல்கிறாள்" என்று திரும்பும். உங்கள் கணவர் அந்த அட்டையின் படத்தைக் காட்டி, "அம்மா, இது பெரியவன் புத்தகத்துல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் போதும். மேலே ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். நல்ல மனுஷி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவருக்குப் புரிந்துவிடும். வேண்டுமென்று செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் அவர் கைக்கு வந்ததே ஐந்தாறு வயதுக்கு மேல்தான் இருக்கும். தூக்கி வளர்க்காத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தயக்கம் இருக்கலாம். அவன் பாட்டி என்று கூப்பிடுகிறானா, அதையும் பாருங்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது பையனையும் அவரையும் ஏதாவது ஒரு வேலையில் ஒன்றாக விடுங்கள். தம்பி தூங்கும் நேரமாகப் பார்த்து விடுங்கள். அந்த அட்டையை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டீர்கள்தானே? வைத்துவிடுங்கள். கணவரிடம் காட்டப் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள். அவர்கள் பேத்திக்கு சைக்கிள் வாங்கித் தந்த அதே பிறந்தநாளுக்கு நாங்கள் கொடுத்தது பென்சில் பெட்டி. வந்தவர்கள் முன்னால் கூசிப்போய்விட்டது. கடன் வாங்கியாவது அடுத்த முறை சரிக்குச் சரி செய்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அடுத்த வருடம் அவர்கள் இன்னும் பெரிதாக ஏதாவது கொண்டுவருவார்கள், உங்களுக்குக் கடன்தான் மிஞ்சும். சைக்கிள் வந்துவிட்டது, சரி. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட யாராவது வேண்டுமே? தாத்தாவின் முழங்கால் ஒத்துழைத்தால் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டி, எனக்கு 11 வயது. தாத்தா என் தம்பிக்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தாங்க. எனக்கு அகராதி. நான் நல்லா படிக்கிற பொண்ணாம், அதனால எனக்கு அதுதான் பிடிக்குமாம். அகராதி விலை கூடன்னு அம்மா சொல்றாங்க. ஆனாலும் எனக்குக் கோபமா வருது. கோபப்படுறது தப்பா?

பதில்: தப்பே இல்லை, கண்ணு. தம்பிக்கு விளையாட ஒன்று கிடைத்தது, உனக்கு வேலை ஒன்று கிடைத்தது. விலை கூட என்றால் அது பெரிய வேலை, அவ்வளவுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் எப்போதும் உண்டு. எனக்கும் சின்ன வயதில் ஜியோமெட்ரி பாக்ஸ் மேல் ஜியோமெட்ரி பாக்ஸாக வந்து குவிந்தது. என் அண்ணனுக்குப் பம்பரம்.

ஆனால் உன் தாத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்திருக்கிறது, அதை வைத்து வாங்கியிருக்கிறார். மார்க் ஷீட்டை எல்லாரும் அவரிடம் காட்டியிருப்பார்கள். நீ அனுப்பிய கடிதத்தின் பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, ஒரு குதிரை வரைந்திருக்கிறாயே, அதை யாராவது அவரிடம் காட்டினார்களா? பாதி அழித்து மறுபடி வரைந்த பின்னங்கால் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. இன்னொரு குதிரை வரைந்து தாத்தாவிடம் எடுத்துக்கொண்டு போ. அகராதியைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

வால் மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது, அடுத்த குதிரையில் பார்த்துக்கொள்ளலாம்.